மெக்கானிக்குக்கு ஆறு வழிகள்

1

நாற்பத்து மூன்று மணி நேரம் இருக்கிறது. இன்று சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மெக்கானிக் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, தன் கருவிப் பையில் இருந்தது கஞ்சாதான், அதை வைத்திருந்தது தான்தான் என்று சொல்லப்போகிறான். அதற்குள் இந்தக் கதையை எழுதி முடிக்க வேண்டும்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. அக்கா வக்கீல். நான் அரசு ஆய்வுக்கூடத்தில் ரசாயனப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போலீஸ் பிடித்து அனுப்பும் இலை, தூள், மாத்திரை எல்லாம் எங்களிடம்தான் வரும். அது இன்னது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். வழக்கைப் பற்றிப் பேசும்போது அக்கா பெயர் சொல்ல மாட்டாள். எங்களுக்குள் அப்படி ஒரு ஒப்பந்தம். இன்றும் சொல்லவில்லை. "குளிரறை மெக்கானிக் கேஸ்" என்றாள். எடை முப்பத்தெட்டு புள்ளி நான்கு பூஜ்யம் கிராம் என்றாள்.

எனக்குப் பெயர்கள் நினைவில் நிற்பதில்லை. எடைகள் நிற்கும்.

எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய தட்டு.

[கடைசி வரியை எடுத்துவிடலாம். கதைகளில் பதறிப்போன பெண்கள் எப்போதும் எதையாவது கழுவிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் நான் உண்மையிலேயே கழுவினேன். இருக்கட்டும்.]

தற்செயல் என்று நினைக்காதீர்கள். ஊரில் ஆய்வுக்கூடம் ஒன்றுதான். எங்கள் பிரிவில் இலை பார்ப்பவர்கள் மூன்று பேர். அக்காவிடம் வரும் கஞ்சா வழக்குகளில் மூன்றில் ஒன்று என் கை வழியாகப் போனதாக இருக்கும். இதை நான் எப்போதோ கணக்குப் போட்டிருக்கலாம்.

2

முதலில் ஒரு தொடக்கம் எழுதினேன்.

"அவனுடைய பையின் மேல் அவன் பெயர் வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருந்தது."

நல்ல வரிதான். ஆனால் இப்படித் தொடங்கினால் கதை அவனைப் பற்றியது என்று நம்பிவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.

அடுத்தது:

"நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை."

இப்படித் தொடங்கும் கதையை நான் வாசிக்க மாட்டேன். இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது, எனக்குப் பழகிய முறையில்:

நோக்கம்: கொடுக்கப்பட்ட இலை கஞ்சாவா என்று கண்டறிதல்.
தேவையானவை: சோதனைக் குழாய்கள் இரண்டு, கரைசல், அமிலம், குளோரோஃபார்ம்.
செய்முறை: ஒரு குழாயில் சிறிது இலையைப் போட வேண்டும். மற்றதில் இலை போடக் கூடாது. மீதியெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.
காண்பன: இலை போட்ட குழாயில், அடியில் தேங்கிய குளோரோஃபார்மில் ஊதா நிறம் இறங்கியது. இலை போடாத குழாயில்

இந்த இடத்தில் நின்றுவிட்டேன். பேனாவில் மை இருக்கிறது.

இலை போடாத குழாய்க்கு வெற்றுக் குழாய் என்று பெயர். அதில் ஒன்றும் நடக்கக் கூடாது; நடந்தால் மற்றக் குழாயின் நிறத்தையும் நம்ப முடியாது. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. வீட்டில் என் வேலையும் ஏறக்குறைய அதுதான்.*

* அக்கா என்னை எலி என்று கூப்பிடுவாள். ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்த அன்று, "பேருக்கேத்த இடம்" என்றாள். எங்கள் பிரிவில் எலிகள் கிடையாது. அதைச் சொன்னால் அவள் சிரிப்பு கெட்டுவிடும் என்று பேசாமல் இருந்தேன். என் கூச்சத்தை வீட்டில் எல்லாரும் நல்ல குணம் என்பார்கள்.

3

அக்கா வழக்கை நடந்து நடந்துதான் யோசிப்பாள். மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஏழு அடி. கையில் கோப்பு. கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

"எலி, நீதான் ஜட்ஜ். தூங்கிடாதே."

"சரி."

"ஜட்ஜ் சரின்னு சொல்ல மாட்டாங்கடி. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கோ. ஆ, அப்படித்தான். வழி ஒண்ணு. சோதனை போட்ட விதமே தப்பு. வேனை நிறுத்தி, பையைத் திறந்து, பொட்டலத்தை எடுத்திருக்காங்க. சம்பந்தமில்லாத ரெண்டு பேர் சாட்சியா நிக்கணும். யாரு நின்னா தெரியுமா? ஸ்டேஷனுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற அண்ணன் தம்பி. போன வருஷம் மட்டும் பதினொரு கேஸ்ல அவங்கதான் சாட்சி."

"அப்போ அது நல்ல வழிதானே?"

"நானும் துள்ளிக் குதிச்சேன். அந்தப் பதினொண்ணுலயும் அவங்களை நம்பித் தீர்ப்பு எழுதினது இதே ஜட்ஜ்தான். பன்னிரண்டாவதுல நம்பலைன்னா முன்னாடி எழுதின பதினொண்ணுக்கும் பதில் சொல்லணும். அவருக்கு ஓய்வு பெற நாலு மாசம் இருக்கு. சொல்லுவாரா?"

நான் ஜட்ஜாக இருந்ததால் பதில் சொல்லவில்லை.

"வழி ரெண்டு. பொட்டலம் வேற யாரோ வச்சது. ஒரே வேன்ல மூணு மெக்கானிக் போறாங்க, யாரு வேணா வச்சிருக்கலாம். ஆனா இவன் பையில பேரு எழுதி வச்சிருக்கான். வெள்ளை பெயின்ட்ல, இவ்வளவு பெருசா. ஸ்பேனர் காணாம போகுதாம். போதாததுக்குப் பூட்டு வேற. சாவி அவன் பாக்கெட்ல. ஒழுங்கா இருக்கிறவனைக் காப்பாத்துறது மாதிரி கஷ்டம் உலகத்துல இல்லடி."

மூன்றாவது வழி, அது கஞ்சா என்று அவனுக்குத் தெரியாது என்பது. பிடித்த அன்றே அவன் போலீசிடம் சொன்னது இதுதான். முதுகுவலிக்கு ஒத்தடம் கொடுக்கிற இலை, பஸ் நிலையத்து ஓரத்தில் ஒரு ஆளிடம் வாங்கினேன், வெந்நீரில் போட்டு வைத்துக்கொள்வேன் என்றான். போலீஸ் சிரித்திருக்கிறது.

"அந்த ஆளைத் தேடினியா?"

"நானே ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன். இப்போ அந்த இடத்துல செல்போன் கவர் விக்கிறாங்க. எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், பாரு, நல்லாயிருக்கா?"

நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன்.

நான்காவது, பொட்டலம் கைமாறிய கணக்கு. ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வர ஆறு நாள் ஆகியிருக்கிறது. அந்த ஆறு நாள் எங்கே இருந்தது, யார் தொட்டார்கள், முத்திரை உடைந்ததா என்று கேட்கலாம். அக்கா கேட்டாள். சேமிப்பறை ஏட்டு பதிவேட்டை எடுத்துக் காட்டினார். எந்த அலமாரி, எந்தத் தட்டு, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று எல்லாம் அதில் இருந்தது.

"எழுத்து அச்சு மாதிரி இருக்குடி. எனக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறவங்க மட்டும் எப்படித்தான் இவ்வளவு சுத்தமா எழுதுறாங்களோ. வழி அஞ்சு, லேப் ரிப்போர்ட்."

பக்கத்தைத் திருப்பினாள். திருப்பிய வேகத்தில் அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

"அதைப் பார்க்கலையாக்கா?"

"பார்த்து? கெமிஸ்ட்ரில நான் எத்தனை மார்க்குன்னு உனக்கே தெரியும். அப்புறம், அது உங்க லேப்டி. பாலை ரெண்டு தடவை மோந்து பார்த்துட்டுக் குடிக்கிறவ நீ. உன்ன மாதிரி ஆளுங்க உக்காந்திருக்கிற இடத்துல என்ன தப்பு நடந்துடும்?"

அறிக்கையில் எங்கள் பிரிவு அதிகாரியின் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். சோதனை செய்தது யார் என்பது உள்படிவத்தில் இருக்கும். வக்கீல் யாராவது கேட்டால்தான் உள்படிவம் நீதிமன்றத்துக்குப் போகும். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

"வழி ஆறு," என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "ஒத்துக்கறது. அளவு சின்னது. திங்கட்கிழமையோட அறுபத்தொரு நாள் உள்ள இருந்தாச்சு. இருந்த நாளே தண்டனைன்னு கழிச்சு விட்டுடுவாங்க. சாயங்காலம் வீட்டுல இருப்பான். மறுத்தா விசாரணைக்கே எட்டு மாசம். ஜாமீன் ரெண்டு தடவை தள்ளிட்டாங்க, அந்த ரிப்போர்ட்டைக் காட்டியே."

"ஒத்துக்கிட்டா வேலை?"

"ஆஸ்பத்திரி மருந்துக் குளிரறையில வேலை. குற்றவாளின்னு எழுதிட்டா நுழைவு அட்டை போயிடும். எங்கயாவது வீட்டு ஏசி மாட்டிப் பொழச்சுக்குவான்." ஜன்னல் அருகில் நின்றாள். "ஜட்ஜ் என்ன சொல்றாங்க?"

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அக்கா சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும். அவன் ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்தது. வழக்கு முடிந்தால் மிச்சமுள்ள முப்பத்தேழு கிராம் சொச்சத்தை எரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அது என்ன இலை என்று யாராலும் சொல்ல முடியாது.

4

இந்த மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை. எழுத வேண்டுமென்றால் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? உருவாக்கிக்கொள்ளலாம்.

முதலில் அவனுக்கு ஒரு நோயாளிக் குழந்தையைக் கொடுத்தேன். மூச்சு வாங்கும் குழந்தை. இரண்டு வரியில் எனக்கே அழுகை வந்தது. இது உங்களிடம் பிச்சை கேட்பது. எடுத்துவிட்டேன்.

அடுத்து அவனைக் கெட்டவனாக்கினேன். பெண்டாட்டியை அடிக்கிறவன். கூட வேலை செய்பவனின் ஸ்பேனரைத் திருடிவிட்டுத் தன் பையில் பூட்டுப் போடுகிறவன். கஞ்சாவை மாணவர்களுக்கு விற்கிறவன். ஒன்றரைப் பக்கம் தடையில்லாமல் ஓடியது. இந்தக் கதையிலேயே நன்றாக வந்த பகுதி அதுதான். வாசித்துப் பார்த்தபோது உடம்பு லேசாக இருந்தது. இப்படி ஒருவனுக்கு அறுபத்தொரு நாள் என்ன, அறுநூறு நாளும் தகும். நான் நிம்மதியாக வேலைக்குப் போகலாம்.

அந்த நிம்மதி எதிலிருந்து வந்தது என்று புரிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

எனக்கு உண்மையில் தெரிந்தது இவ்வளவுதான். பொட்டலம் செய்தித்தாளில் மடித்திருந்தது. நான்கு மூலையும் உள்ளே செருகி, பிரித்தால் கிழியாதபடி மடித்திருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி, துவைத்த துணி. எல்லாவற்றிலும் கம்ப்ரசர் எண்ணெய் வாசனை. அதனால் இலையின் வாசனையை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நுண்ணோக்கியில் இலையின் மேல் வளைந்த முடிகள் தெரிந்தன. கஞ்சாவில் தெரியும். வேறு சில செடிகளிலும் தெரியும். அதனால்தான் குழாய்.

நீங்கள் கேட்கலாம்: சரி, அது கஞ்சாதானா?

எனக்குத் தெரியாது.

[இந்த வரியை ஆய்வுக்கூடத்து ஊழியர் ஒருவர் எழுதக் கூடாது. ஆனால் இது கதை. கதையில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.]

5

ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி. மீதி இருபத்து மூன்று மணி நேரம்.

மெக்கானிக்கின் மனைவி வந்தாள். அவள் இந்தக் கதையில் வருவாள் என்று நான் திட்டமிடவில்லை. அழைப்பு மணி அடித்தது, திறந்தேன், கையில் ஒரு துணிப்பையோடு நின்றாள். என்னைவிட நான்கைந்து வயது பெரியவளாக இருக்கலாம். அக்கா உள்ளே போனில் இருந்தாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"நீங்க மேடத்தோட தங்கச்சியா?"

"ஆமா."

"நீங்களும் வக்கீலா?"

"இல்ல."

வேறு என்ன என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இங்கே எழுதுவது சுலபம். அவள் கேட்கவில்லை.

துணிப்பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். "நாளைக்குப் போட்டுக்க. மேடம்கிட்ட கொடுத்தா உள்ள கொடுத்துடுவாங்களாம். காலர் நைஞ்சு போயிருந்துச்சு, பிரிச்சுத் திருப்பித் தைச்சேன்."

"நீங்களே நாளைக்குக் கொடுக்கலாமே."

"நான் வரல." தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு மாசமா போய்ப் பார்க்கல."

 நான் பேசாமல் இருந்தால் மற்றவர்கள் பேசுவார்கள். எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"முதுகுவலி இலைன்னுதான் என்கிட்டயும் சொன்னாரு. நானே கொதிக்க வச்சு ஒத்தடம் கொடுத்திருக்கேன், ரெண்டு தடவை. வீடெல்லாம் புல் வெந்த மாதிரி வாசனை. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, என்ன மாட்டுத் தீவனமான்னு கேலி பண்ணினேன். பிடிச்சுட்டுப் போனப்ப எங்கண்ணன் வந்து கத்துச்சு. உன் புருஷனை நம்பாதே, எல்லாப் பயலும் இப்படித்தான் சொல்லுவான்னு. நான் அண்ணனை வெளிய போகச் சொன்னேன். எங்கண்ணனை. முப்பது நாள் நான் ஒருத்திதாங்க நம்பினேன். அப்புறம் ரிப்போர்ட் வந்துச்சு."

தண்ணீரைக் குடித்தாள்.

"மனுஷங்க பொய் சொல்லுவாங்க. மெஷினு சொல்லுமா?"

மெஷின் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணாடிக் குழாய்தான், அதைப் பிடித்திருப்பது ஒரு கை என்று.

"என்ன?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி?"

"வேணாம்மா. இப்போ அவரே சொல்றாராம், மேடம் சொன்னாங்க. அந்த இலைக்காரன் என்னை ஏமாத்திட்டான் போலிருக்குன்னு. கவர்மென்ட்டே சொல்லும்போது நான் என்ன சொல்றதுன்னு. முன்னாடி அப்படி உறுதியா சொன்னவரு. பொய் சொன்னவங்கதானே பேச்சை மாத்துவாங்க?" எழுந்தாள். "வரட்டும். ஒரே ஒரு தடவை கேக்கணும், என்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்கன்னு. என்னையே ஒத்தடம் கொடுக்க வச்சீங்களேன்னு. அதுக்கப்புறம் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

போகும்போது தம்ளரைத் தானே எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

நேற்றிலிருந்து எனக்கு ஒரு சாக்கு இருந்தது. நான் பேசினால் மறுசோதனை, மறுசோதனை என்றால் வாரக் கணக்கு, அதுவரை அவன் உள்ளே இருப்பான். நான் பேசாவிட்டால் திங்கட்கிழமை வீட்டில் இருப்பான். பேசாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது. நன்றாக வேலை செய்த சாக்கு. ஜாமீனை மறுத்தது அந்த அறிக்கையை வைத்துத்தான், அறிக்கை ஆடினால் ஜாமீன் கிடைக்கலாம் என்பதை நான் கவனிக்காத மாதிரி விட்டிருந்தேன்.

இப்போது அந்தச் சட்டை மேசை மேல் இருக்கிறது. அவ்வளவு கோபத்திலும் தையல் நேராகப் போயிருக்கிறது.

6

அன்று என்ன நடந்தது என்பதை எழுதாமல் இதற்கு மேல் போக முடியாது. முடிந்த அளவு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை. எனக்குப் பதினேழு பொட்டலங்கள். மெக்கானிக்குடையது பதினாறாவது. மணி நான்கு அடிக்கப் பத்து நிமிடம். அறிக்கைகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் வண்டி கீழே நின்றது. ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். குழாய் கழுவும் அம்மா அன்று விடுப்பு. காலையில் பயன்படுத்திய குழாய்களை நானே அலசி எடுத்து வைத்திருந்தேன்.

இரண்டு குழாய்களையும் தாங்கியில் வைத்து, கரைசல் விட்டு, அமிலம் விட்டு, குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கினேன். நிமிர்ந்தபோது பிரிவு அதிகாரி கதவில் நின்றார்.

"என்னம்மா, ஊதா வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"அப்புறம் என்ன யோசனை?"

"சார், இது"

"எழுதுமா, எழுது. வண்டிக்காரன் என்னைத் திட்டிக்கிட்டிருக்கான்."

நான் எழுதினேன்.*

* எழுதினேன் என்பதும் சரியில்லை. எங்கள் உள்படிவம் அச்சடித்தது. எடை, நிறம், தேதி இவற்றுக்கு மட்டும் கோடு விட்டிருக்கும். எப்போதும் மாறாத சில வரிகள் நேரம் மிச்சமாகட்டும் என்று முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். மாறினால் அந்த வரியைப் பேனாவால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கதையில் இதுவரை எத்தனை வரிகளை அடித்துவிட்டேன் என்று நீங்கள் பார்த்தீர்கள். படிவத்தில் நான் எதையும் அடிக்கவில்லை.

இது அன்று தொடங்கியதும் இல்லை. பள்ளியில், கல்லூரியில், செய்முறைத் தேர்வில் எங்கள் எல்லாருக்கும் விடை முதலில் தெரிந்துவிடும். எந்த உப்பு என்பது மூத்த மாணவிகள் மூலம் காதுக்கு வந்துவிடும். பிறகு சோதனை, காண்பன, அறிவன என்ற மூன்று கட்டங்களையும் பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டு வருவோம். குழாயில் வேறு என்னவாவது தெரிந்தால் குழாய்தான் தப்பு. நான் செய்முறையில் எப்போதும் முழு மதிப்பெண். ஒருமுறை மட்டும் என் தோழி, கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதினாள். அவள் தேர்ச்சி பெறவில்லை. இப்போது துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். யாரும் அவள் கணக்கால் சிறைக்குப் போனதில்லை.

7

முடிவுகள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுக்க இவற்றை எழுதினேன்.

முதல் முடிவு. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒப்புக்கொள்கிறான். திருப்பித் தைத்த காலரோடு வீட்டுக்குப் போகிறான். மனைவி ஒரே ஒரு தடவை கேட்கிறாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. அவனும் அறிக்கையை நம்பிவிட்டான். [இங்கே கதை முடிந்தால் வாசகர்கள் சமூகத்தைக் குறை சொல்வார்கள். எனக்குப் பாதுகாப்பான முடிவு.]

இரண்டாவது முடிவு. பெயர் போடாத கடிதம். அக்காவின் அலுவலக முகவரிக்கு. "உள்படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்." இதை உறையில் போடும் அளவுக்குப் போனேன். பிறகு நினைவு வந்தது, உள்படிவத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் அதன் அழகு.

மூன்றாவது. நான் சொல்கிறேன். மறுசோதனை நடக்கிறது. அது கஞ்சாதான். என் வேலை போகிறது, அவன் மேலும் இரண்டு மாதம் உள்ளே இருக்கிறான், அவன் மனைவியின் அண்ணன் ஜெயிக்கிறார். உண்மை எல்லாருக்கும் கெடுதல் செய்கிறது. நடக்கக்கூடியதுதான். அது கஞ்சாதான் என்பதை மட்டும் நான் ஐந்து வாரமாக ஒரு தாயத்து மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது. நான் சொல்கிறேன். அது வெறும் இலை. அவன் விடுதலை. அன்று அதே குழாய்களில் சோதித்த மற்றப் பதினாறு பொட்டலங்களும் திறக்கப்படுகின்றன. செய்தித்தாளில் என்னைத் துணிச்சலான பெண் என்று எழுதுகிறார்கள். இதை அடித்துவிட்டேன். ஐந்து வாரம் வாய் மூடி இருந்தவளைத் துணிச்சலானவள் என்று எந்தப் பத்திரிகை எழுதினாலும் அது அச்சுப்பிழை.

ஐந்தாவது முடிவில் அக்கா

[அக்காவைப் பற்றி எழுத வரவில்லை. ஏழு அடி நடந்து, உன்ன மாதிரி ஆளுங்க உக்காந்திருக்கிற இடம் என்று சொன்னவள்.]

நான் எழுதும் எல்லாவற்றையும் முதலில் வாசிப்பது அக்காதான். சொல்ல முடியாததைச் சின்ன வயதிலிருந்து அவளுக்கு எழுதித்தான் கொடுப்பேன். முதல் மாதவிடாய் வந்ததைக்கூடச் சீட்டில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்தேன். இந்தக் கதையும் அப்படி ஒரு சீட்டுதான் என்பதை இந்நேரம் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் முக்கியமான வரி இதில் இல்லை. தாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். அவள் பார்க்க மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. பார்த்துவிடுவாள் என்று இன்னொன்று.

8

இந்தப் பகுதியைப் பிறகுதான் எழுதுகிறேன். எத்தனை நாள் கழித்து என்று சொல்ல மாட்டேன். இலை என்னவாக இருந்தது, அவன் என்ன ஆனான், அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாளா, நான் இப்போது எங்கே வேலை பார்க்கிறேன், இது எதையும் சொல்வதாக இல்லை. மேலே நான்கு முடிவுகள் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் எனக்குப் பங்குள்ள பகுதி ஒரு நிமிடம்தான். அதை மட்டும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை எட்டு இருபது. அக்காவின் கோப்பு மேல் இந்தத் தாள்களை வைத்துவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தேன்.

"என்னடி, காலங்காத்தால கதை?" என்று வெளியே அவள் குரல் கேட்டது. "இதுலயாவது முடிவு இருக்கா, வழக்கம்போல நடுத்தெருவுல விட்டுட்டியா?"

பிறகு தாள் புரளும் சத்தம். ஒருமுறை சிரித்தாள். ஜெராக்ஸ் கடை வரும் இடமாக இருக்கும். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா நின்றுகொண்டேதான் வாசிப்பாள்.

எட்டு ஐம்பதுக்குக் கதவைத் திறந்தாள். கறுப்புக் கோட்டு ஒரு கையில் மட்டும் மாட்டியிருந்தது.

"வியாழக்கிழமை, பதினாறாவது பொட்டலம்."

தலையாட்டினேன்.

"சாட்சி தலையாட்டக் கூடாது. வாயால பதில் சொல்லணும்."

"ஆமாக்கா."

"எத்தனை குழாய்?"

"ரெண்டு."

"முதல் குழாய் என்ன ஆச்சுன்னு ரெண்டு இடத்துல எழுதியிருக்க. ரெண்டாவது குழாய் என்ன ஆச்சுன்னு ஒரு இடத்துலயும் இல்ல." தாளைப் புரட்டினாள்.  "இங்க ஒரு வாக்கியம் பாதியில நிக்குது. இங்க ஒண்ணு, உங்க சார்கிட்ட."

"படிவத்துல"

"படிவத்துல அச்சடிச்சு இருக்கும். அதையும் நீயே எழுதியிருக்க. நான் அதைக் கேக்கல."

"எழுதிக் கொடுக்கட்டுமாக்கா? ஒரு நிமிஷம். ஒரே வரிதான்."

"எழுதினது போதும்டி." கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அஞ்சு வாரமா என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க. நேத்து அவளுக்குத் தண்ணி கொடுத்திருக்க. நான் அஞ்சாவது வழியைத் தாண்டிப் போனப்ப எதிர்ல உக்காந்து என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்க. பத்து மணிக்கு அங்க யாரும் கதை படிக்க மாட்டாங்க. ரெண்டாவது குழாய் என்ன ஆச்சு?"

சட்டை மேசை மேல் இருந்தது. மணி எட்டு ஐம்பத்து மூன்று. அக்கா கோட்டின் இன்னொரு கையை மாட்டாமல் நின்றாள். என் தொண்டையில் சத்தம் இருக்கிறதா என்று ஒருமுறை கனைத்துப் பார்த்தேன். இருந்தது.

"வெற்றுக் குழாயும் ஊதாவாச்சுக்கா."